சந்தனப் பொட்டு விழுந்த இடம்

ஆடி 4, காலை

பாகூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தேன். தண்ணீர் அடிமட்டத்தில் கிடக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிறைய இன்னும் நாளாகும். கரைச் சேற்றில் மாடுகளின் குளம்புத் தடம் காய்ந்து இறுகியிருந்தது. ஓரம் கூராக நிற்கும் தடம் நேற்று விழுந்தது. ஓரம் சரிந்துபோனது போன வாரத்தது. முப்பது வருஷம் கிடங்கில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஓரம்தான் முதலில் கண்ணில் படுகிறது. வேலை போன பிறகும் கண் போகவில்லை.

வீட்டு வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். என்.சி.சி.யையும் அவரே பார்த்துக்கொள்கிறாராம். பிள்ளைகள் அணிவகுப்புப் பழகிய பழைய துப்பாக்கி ஒன்றைக் கணக்கிலிருந்து நீக்கிக் காட்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியும் செய்தாயிற்று.

"பக்கத்துல ஒரு அட்டை எழுதி வெக்கணும் ஐயா. பூச்சு அசலா, இல்ல அப்புறம் அடிச்சதான்னு ரெண்டு பேர் ரெண்டு விதமா சொல்றாங்க. நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா எழுதிடுவேன்."

"சுடுற துப்பாக்கியா தம்பி?"

"இல்லீங்க. டி.பி.ன்னு அடிச்சிருக்கு. குழல்ல ஓட்டை போட்டிருக்காங்க. போல்ட்டுல ஊசி கெடையாது."

டி.பி. என்றால் டிரில் பர்ப்பஸ், பயிற்சிக்கு மட்டும். அப்படியானால் வருகிறேன் என்றேன். எந்தப் பள்ளி, எந்த ஊர் என்பதை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. பாகூருக்கும் வில்லியனூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே நாள், இரவு

மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, அதன்மேல் கிடத்தியிருந்தார்கள். புதுவீடு கட்டினவர் வாசல் கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு எனாமல் மாதிரி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்: "எண்பது வருஷம் ஆச்சு, வெள்ளக்காரன் போட்ட பெயிண்ட் எப்படி நிக்குது பாருங்க."

வெள்ளைக்காரன் ஊரில் செய்ததும் இல்லை அது. பின்கட்டை குழலோடு சேரும் இடத்தில், வலப்பக்க இரும்பில், மணிமுடி பொறித்திருந்தது. அதன்கீழே மன்னரின் பெயரெழுத்து ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942. நெம்பர் ஒன்று, மார்க் மூன்று, பக்கத்தில் நட்சத்திரம். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிற இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் நம் ஆட்கள் கடைந்து, அரம் போட்டுச் செய்த .303. அந்த ஆற்றின் எதிர்க்கரையில் சற்றுத் தள்ளித்தான் பிரெஞ்சுக்காரர்களின் சந்திரநாகூர் இருந்தது. புதுச்சேரிக்காரனுக்கு இஷாப்பூர் என்றால் அந்த நினைப்பும் கூடவே வரும்.

கிடங்கில் நாங்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்போம். ஏறத்தாழ நாலு கிலோ. மேகசினில் பத்துத் தோட்டா. பின்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு, அதில் சின்ன மூடி, மூடிக்குள் எண்ணெய்ப் புட்டியும் குழல் துடைக்கிற புல்த்ரூ கயிறும். 1907-இல் வந்த வடிவம். நட்சத்திரம் சேர்ந்தது முதல் உலகப் போர்க்காலத்தில், வேகமாகச் செய்வதற்காகச் சில உறுப்புகளைக் குறைத்தபோது. உத்தரப் பிரதேசப் போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு கருவி வேலையில் இருந்தால் அதன் தோல் எத்தனை முறை மாறியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்றைக்குத் தொடவில்லை. பார்த்துவிட்டு மட்டும் வந்தேன். முதல் நாள் தொட்டால், கை என்ன சொல்கிறதோ அதையே கண்ணும் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஆடி 5

தூக்கம் வராமல் கிடந்தபோது ப்ளூயிங் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்புக்குப் போடுகிற கருநீலம் வெளியிலிருந்து பூசுவது இல்லை. அது துருதான். இரும்பை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, அமிலக் கரைசலைத் துணியில் தொட்டுத் தேய்த்து, ஈரமான அறையில் வைத்துவிடுவார்கள். மேலே செந்துரு பூக்கும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செந்துரு கறுத்துப் போகும். கம்பி பிரஷ்ஷால் மேலே நிற்கிற தூளைத் தட்டிவிட்டு, மறுபடி அமிலம், மறுபடி துரு, மறுபடி கொதிநீர். ஐந்தாறு முறை ஆனபின் இரும்பின் மேல் மெல்லிய கருநீலத் தோல் நிற்கும். அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் ஈரத்தைத் தள்ளிவைக்கும். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயர் 'ப்ரவுனிங்'. பழுப்பாகவே நிறுத்திய பழைய காலத்துப் பெயர், கறுப்பாக்கத் தொடங்கிய பிறகும் ஒட்டிக்கொண்டது.

பின்னால் அவசரம் வந்தது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த தொட்டியில், ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் முக்கி எடுத்தால் அரை மணியில் கறுப்பு. அதற்கும் பின்னால் பாஸ்பேட்: சாம்பல் நிறம், கை வைத்தால் நயமான உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்து அடுப்பில் வைத்துச் சுட்டார்கள். இங்கிலாந்தில் அதற்கு சன்கொரைட் என்று பெயர்.

ஆக, 'அசல் பூச்சு' என்று கேட்பதற்கு முன்னால், எந்த ஆண்டின், எந்தப் பட்டறையின் அசல் என்று கேட்க வேண்டும். கருநீலம் போய்ச் சாம்பலும் கறுப்பும் வந்திருந்தால், அது தொழிற்சாலையே திருப்பி வாங்கிப் பழுதுபார்த்துப் போட்டதாகவும் இருக்கலாம்.

ஆடி 7

இன்று தொட்டேன்.

ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்தச் சொன்னேன். விளக்கை மேலிருந்து அடித்தால் எல்லாப் பூச்சும் நல்ல பூச்சுதான். காலை வெயில் சாய்வாக விழ வேண்டும். பூதக்கண்ணாடி, டார்ச், ஒரு நல்ல திருப்புளி. வேறு எதுவும் வேண்டியதில்லை.

முதலில் எழுத்துகள். இரும்பில் அச்சை வைத்துச் சுத்தியால் அடிக்கும்போது இரும்பு எங்கேயும் மறைந்துபோவதில்லை. ஒதுங்கி, எழுத்தின் இரண்டு கரையிலும் மெல்லிய வரப்பாக எழும்பி நிற்கும். சேற்று வயலில் கால் வைத்தால் சேறு பிதுங்குகிற மாதிரி. விரல் நுனியை மெல்ல ஓட்டினால் அந்த வரப்பு நகத்தில் தட்டும். தட்டினால் அந்த இடத்தை யாரும் தேய்த்ததில்லை. தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், உப்புத்தாளோ பாலீஷ் சக்கரமோ அங்கே வந்து போயிருக்கிறது.

'1942'-இல் 1-உம் 9-உம் தட்டின. 4 பாதி தட்டியது. 2 வழுக்கியது. சக்கரம் இல்லை, உப்புத்தாள். கையால் தேய்த்தவர் ஓரத்தில் அழுத்தி, உள்ளே வரவரச் சோர்ந்திருக்கிறார்.

இந்த வரப்பைப் பார்க்கிற பழக்கம் வந்தபின் பாகூர் மூலநாதர் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் சோழர் காலத்து எழுத்துகளைத்தான் பார்க்கிறேன். கன்னரதேவன் பெயரில் ராஷ்டிரகூடக் கல்வெட்டும் அங்கே உண்டு. கருங்கல்லில் வரப்பு எழும்பாது, தெறித்துவிடும். ஆனால் உளி பட்ட பள்ளத்தின் ஓரம் கூராகவே இருக்கும். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு நடந்த சில கோயில்களில் அந்த ஓரங்கள் சோப்புக்கட்டி மாதிரி கரைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுத்தமாகத்தான் இருக்கின்றன. படிக்கத்தான் முடியவில்லை. 1879-இல் பாகூரில் கிடைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடுகள், இங்கேயிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை விட்டுக்கொடுத்த பட்டயம், பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. ஊரை விட்டுப் போனது வருத்தம்தான். ஆனால் இங்கே இருந்திருந்தால் ஏதாவது ஒரு விழாவுக்கு முந்தின நாள் யாராவது புளி போட்டுத் தேய்த்திருப்பார்களோ என்றும் ஒரு பயம் வரும்.

துப்பாக்கிக்குத் திரும்புகிறேன். எழுத்துக்கு அடுத்தது திருகாணி. தலையின் வெட்டுக்குள் கறுப்புப் பெயிண்ட் நிறைந்து, திருப்புளி உட்காரவில்லை. கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். மரமும் இரும்பும் சேருகிற கோட்டில் பெயிண்ட் பாலம் போட்டிருந்தது. தொழிற்சாலையில் உறுப்புகளைத் தனித்தனியாகத்தான் பூசுவார்கள், பூசியபின் கோப்பார்கள். கோத்தபின் பூசியது வேறு யாருடைய வேலையோ.

அப்புறம் மரம். கட்டை தன் வயசை மறைக்கவில்லை. பழைய ஆளிவிதை எண்ணெய் காய்ந்து கறுத்த வால்நட் நிறம். மேகசினுக்கு முன்னால், ஒரு கையில் தூக்கினால் சமமாக நிற்கிற இடத்தில், மரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனையோ உள்ளங்கைகள். அந்த மரத்தைத் தேய்த்த கை அதன் பக்கத்து இரும்பையும் தேய்த்திருக்க வேண்டுமே? இரும்பில் ஒரு கீறல்கூட இல்லை. மரத்துக்கு எண்பது வயசு, இரும்புக்கு இருபது வயசு. இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை என்றால் யார் நம்புவார்கள்?

பின்கட்டை அடியில் பித்தளைத் தகட்டோரமாக மரம் தகட்டைவிட முடி அளவு மேடாக இருந்தது. நல்ல செய்தி. மரத்தை யாரும் இழைக்கவில்லை. இழைத்திருந்தால் மரம் தாழ்ந்து தகடு துருத்திக்கொண்டிருக்கும்.

ஆசிரியர் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அசல் இல்லீங்களா?" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மேல் பூச்சைப் பார்த்து அசல் இல்லை என்று எந்தக் கடைக்காரரும் சொல்லிவிடுவார். கீழே என்ன மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் கழற்ற வேண்டும்.

ஆடி 8

மழை தூறியது. போகவில்லை.

எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா உயிரோடு இருந்த காலத்தில் அவர் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோ நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர். ஃபிராங்கில் பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் அப்படிப் போனவர்களையெல்லாம் சொல்தா என்றுதான் சொல்வோம். போட்டோவில் இளைஞராக, நிமிர்ந்து, கையில் மாஸ்-36 துப்பாக்கியோடு நிற்பார். எடுத்தது கறுப்பு வெள்ளையில். ஊருக்கு வந்தபிறகு ஸ்டூடியோவில் கொடுத்துக் கலர் பூசி வாங்கியிருக்கிறார்கள். பூசியவர் முகத்துக்கு ரோஜா நிறம் கொடுத்தார், சட்டைக்குப் பச்சை கொடுத்தார், துப்பாக்கிக்கு என்ன நிறம் என்று தெரியாமல் ஆகாச நீலம் கொடுத்துவிட்டார்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அதைக் காட்டிச் சிரித்தேன். "தாத்தா, இந்தத் துப்பாக்கிக்கு நீலம் கெடையாது. பாஸ்பேட்டு, இல்லன்னா கறுப்பு." தாத்தாவும் சிரித்தார். "எனக்குத் தெரியாதாடா? அதத் தூக்கிட்டு நடந்தவன் நான். பூசினவன் பாவம், அவன் கண்டானா? அழிக்கச் சொன்னா மூஞ்சியும் சேந்து போயிடும்னு வுட்டுட்டேன்."

இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களின் தியன்பியன்பூ முகாம் விழுந்தது 1954 மே 7-ஆம் தேதி. அதே வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதிதான் வில்லியனூர் கொம்யூனில் இருக்கிற கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170, வேண்டாமென்று 8. தாத்தா அப்போது கப்பலிலா, முகாமிலா என்று நான் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும். நீலத்தைப் பற்றிச் சிரித்த நேரத்தில் அதைக் கேட்டிருக்கலாம்.

ஆடி 10

கழற்றினோம்.

.303-இன் முன்கட்டையைப் பலவந்தமாக இழுக்கக் கூடாது. முன்னால் குழல் நுனியை மூடுகிற நோஸ் கேப், நடு வளையம், அடித் திருகாணிகள், இவையெல்லாம் வந்தபிறகு நேராகக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். கோணலாக இழுத்தால் உள்ளே இரும்பைத் தாங்குகிற மூலை உடைந்துபோகும். இந்தியாவில் இருந்த பல துப்பாக்கிகளில் மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி போட்டிருப்பார்கள், மரம் பிளக்காமல் இருக்க. இதிலும் இருந்தது. அயல்நாட்டில் இந்தத் துப்பாக்கி சேர்க்கிறவர்கள் அதை 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்கிறார்கள். நம் தட்பவெப்பம் மரத்துக்குச் செய்கிற கொடுமைக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேல்மரத்தை எடுத்ததும் குழலின் முதுகு தெரிந்தது. பெயிண்ட் மரத்தின் ஓரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு உள்ளே மங்கின கறுப்பு, பளபளப்பே இல்லாதது. தின்னரைப் பஞ்சில் தொட்டு, வெளியே இருக்கிற பளபளப்பில் ஓரமாக வைத்தேன். இரண்டு நிமிஷத்தில் பஞ்சு கறுத்தது. பெயிண்ட் பிசுபிசுவென்று கரைந்து வந்தது. உள்ளே இருந்த மங்கல் கறுப்பில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அது அடுப்பில் சுட்ட பூச்சு. அது கீறிப் போயிருந்த இடத்தில் அடியில் சாம்பல்: பாஸ்பேட்.

நோஸ் கேப்பின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். பேனட்டை மாட்டுகிற குமிழுக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம். அங்கே கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. நாவல் பழத்தோல் மாதிரி கருநீலம்.

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் குழி போட்டபோது மண்ணை அடுக்கடுக்காகத்தான் இறக்கினார். மேல் அடுக்கில் கிடைத்ததற்கு ஒரு காலம், கீழ் அடுக்கில் கிடைத்ததற்கு வேறு காலம். நான் படித்தவன் இல்லை. அந்த மேட்டுப் பக்கம் ஒரு முறை போனபோது கூட வந்தவர் சொல்லிக் கேட்டது. இங்கே என் குழி கட்டைவிரல் நகம் அளவுதான். மூன்று அடுக்கு. கீழே பிறந்தபோது இருந்த தோல். நடுவில் தொழிற்சாலைப் பழுதுபார்ப்பில் போட்ட தோல். மேலே, எங்கோ ஒரு வராந்தாவில் பிரஷ்ஷால் அடித்தது.

ஆடி 11

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

மேல் பெயிண்டைச் சாய்வு வெயிலில் பார்த்தபோது இடப்பக்கம் மூன்று இடத்தில் மெல்லிய பள்ளம் தெரிந்தது. அம்மைத் தழும்பு மாதிரி. ஒன்று நோஸ் கேப்பில், ஒன்று உடம்பின் பக்கவாட்டில், ஒன்று மேகசின் மேல். துருப் பள்ளம் என்பது உடனே தெரிந்துவிட்டது. துருவின் பள்ளத்தைப் பெயிண்ட் மூடியிருந்தால் பெயிண்ட் பின்னால் வந்தது. இது முதல் பாடம், யாருக்கும் தெரியும்.

ஆனால் துரு இப்படி வராது. இங்கே கடற்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் கிடங்குச் சுவரே வேர்க்கும். உப்பு எங்கே உட்காருமோ அங்கே துரு கண்டபடி படரும். திருகாணிப் பக்கம், மரத்தின் ஓரம், வியர்வைக் கை பட்ட இடம். பழைய தோட்டாவின் கேப்பும் சுட்டபின் குழலுக்குள் ஓர் உப்பை விட்டுவிட்டுப் போகும். அதனால்தான் சுட்ட அன்றைக்கே கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவுவோம். அந்தத் துருவுக்கெல்லாம் வடிவம் கிடையாது. இந்த மூன்று பள்ளமும் வட்டம். மூன்றும் ஒரே அளவு. மூன்றும் ஒரே பக்கம்.

மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

ஆயுத பூஜை. எந்தக் கிடங்கிலும் அன்றைக்குத் துப்பாக்கிகளை வரிசையாகச் சாய்த்து, சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைப்போம். பொரிகடலை, சுண்டல், வாசலில் பூசணிக்காய் உடைப்பு. நல்ல ஆர்மரர் அன்று ராத்திரியே துடைத்து எண்ணெய் போட்டுவிடுவார். மறுநாள் விஜயதசமி, விடுமுறை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஈரச் சந்தனம் இரும்பின்மேல் முழுசாக உட்கார்ந்திருக்கும். துடைக்கும்போது சந்தனம் போய்விடும், ஆரஞ்சு வட்டம் நிற்கும். அடுத்த வருஷம் பொட்டு வைக்கிறவர் என்ன செய்வார்? பழைய தடத்தின்மேலேயே வைப்பார். கண்ணுக்கு அதுதானே இடம். இப்படி எத்தனையோ வருஷம், ஒரே மூன்று இடத்தில்.

அந்தப் பள்ளங்கள் நடு அடுக்கைத் துளைத்துக்கொண்டு இரும்புக்குள் போயிருக்கின்றன. மேல் அடுக்கு அவற்றுக்குள் வழிந்து நிரம்பியிருக்கிறது. ஆகவே வரிசை இதுதான்: கருநீலம், பிறகு தொழிற்சாலையின் கறுப்பு, பிறகு பல வருஷச் சந்தனம், கடைசியாக எனாமல். இவ்வளவு நிச்சயமாக ஒரு துப்பாக்கியின் சரித்திரத்தை நான் சொன்னதே இல்லை. காகிதம் எதுவும் கையில் இல்லாமல்.

ஆடி 11, இரவு

இதையும் எழுதிவிடுகிறேன்.

நானும் அடித்திருக்கிறேன். எந்தக் கிடங்கு என்பது வேண்டாம். வேலையில் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று முதல் நாள் மாலை தகவல் வந்தது. அது கார்த்திகை மாதம். இருபது துப்பாக்கியில் துருப் புள்ளி. முறையாகச் செய்வதென்றால் எண்ணெய் போட்டு ஊறவைத்து, செப்புத் துண்டால் சுரண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொழுது ஆகும். எனக்கு இருந்தது ஒரு ராத்திரி. உப்புத்தாள் வாங்கி வந்தேன். கறுப்பு எனாமல் இரண்டு டப்பா வாங்கி வந்தேன். விடிவதற்குள் இருபதும் புதுசு. வந்தவர் பாராட்டினார். பதிவேட்டில் 'பூச்சு புதுப்பிக்கப்பட்டது' என்று என் கையாலேயே எழுதினேன்.

அதில் ஒன்று 1918-ஆம் வருஷத்துத் துப்பாக்கி. காலையில் வெளிச்சத்தில் பார்க்கும்போது '8' இருந்த இடத்தில் ஒரு வழவழப்புதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் நேற்று அந்த எனாமலைப் பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. இது என் கையோ? பிரஷ் போன வழியைப் பூதக்கண்ணாடியில் தேடினேன். நான் இடக்கைக்காரன். குழலைக் குறுக்கே வைத்துக்கொண்டு அடித்தால் என் பிரஷ் வலமிருந்து இடம் போகும், முடிகிற இடத்தில் மெலியும். இதில் கோடுகள் இடமிருந்து வலம் போய் மெலிந்திருந்தன. வலக்கைக்காரர். நான் இல்லை.

நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, ஏனென்று விளங்கவில்லை.

ஆடி 13

தம்பி வீட்டுக்கு வந்தார். பேச்சு அட்டையைப் பற்றித்தான்.

"மேல இருக்கிற பெயிண்ட எடுத்துட்டா அடியில பழசு வந்துடுமில்லீங்களா ஐயா? அசலாவே வெச்சுடலாமே."

அது வராது என்று சொன்னேன். எனாமலை எடுத்தால் அடியில் உப்புத்தாள் தேய்த்த தழும்பும், பாதி போன கறுப்பும், மூன்று வட்டமும்தான் வரும். யாராவது பார்த்துவிட்டு, இதென்ன அசிங்கமாக இருக்கிறதே, நன்றாக ப்ளூயிங் போட்டு வைக்கலாமே என்பார். அப்போது 1942-இல் இருந்த மாதிரியே இருக்கும். 1942-இல் இருந்தது ஒன்றும் இருக்காது. வெளிநாட்டில் இந்தத் துப்பாக்கிகளுக்கு நடக்கிற ஏமாற்று வேலையில் பெரும்பகுதி இந்த மாதிரிதான்: மெருகேற்றி, உப்புத் தொட்டியில் முக்கி, பழைய கருநீலம் என்று விற்பது. ஒரே சீரான கறுப்பு, குழி விழுந்த திருகாணித் துளை, கரை மழுங்கின எழுத்து. பார்த்துப் பழகினவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"அப்ப எனாமலும் இருக்கட்டும்கிறீங்க."

"இருக்கட்டும் தம்பி. அதுவும் நடந்ததுதானே. ஆனா அசல்னு எழுதாதீங்க."

அவருக்கு அது பிடித்ததாகத் தெரியவில்லை. திறப்பு விழாவுக்கு வருகிறவர்களிடம் 'அசல்' என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. நான் தின்னர் வைத்துத் திறந்த சின்ன இடத்தை நினைவுபடுத்தினேன். அரை அங்குலம்தான், இடப்பக்கம், ஒரு வட்டப் பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு. அதில் பளபளப்பும் மங்கலும் சாம்பலும் வெற்று இரும்பும் படி இறங்குவது மாதிரி தெரியும். அதை மூடிவிடாதீர்கள், அதற்கு நேராக ஒரு சின்ன விளக்கு வையுங்கள் என்றேன். விளக்கு என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆகஸ்ட் 16 வருகிறது. 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள்; கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுவார்கள். நான் போன வருஷங்களில் எல்லாம் அங்கே புதுப் பெயிண்ட் வாசனை அடிக்கும். அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். சுவர் எதையும் எழுதிவைத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆடி 20

அட்டை அச்சாகி வந்தது. நான் எழுதிக் கொடுத்ததில் இரண்டு வரி குறைத்திருக்கிறார்கள், இடம் போதவில்லையாம். மிச்சம் சரியாக இருக்கிறது. இங்கே பிரதி எடுத்துக்கொள்கிறேன்:

".303 துப்பாக்கி, எண் 1, மார்க் 3 நட்சத்திரம். இஷாப்பூர், 1942. பயிற்சிக்கு மட்டும்; சுட இயலாது. மரக்கட்டை: பழையது, இழைக்கப்படவில்லை. வெளிப் பூச்சு: அசல் அல்ல, பின்னாளில் கையால் அடித்த எனாமல். அதன்கீழ்: தொழிற்சாலைப் பழுதுபார்ப்பின்போது இட்ட பாஸ்பேட்டும் சுட்ட கறுப்பும். முதல் கருநீலம் நோஸ் கேப்பின் உள்ளே ஓரிடத்தில் மட்டும் உள்ளது. இடப்பக்கத்து மூன்று வட்டப் பள்ளங்கள் ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டு வைத்த இடங்கள். தயவுசெய்து மெருகேற்ற வேண்டாம்."

பெட்டியைத் துப்பாக்கியின் வலப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள், மணிமுடியும் வருஷமும் அந்தப் பக்கம் என்பதால். பார்க்கப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் குனிந்து பாருங்கள். விளக்கு அங்கேதான் இருக்கிறது.